கலவரம் நடந்த ஊரில் நாடகம் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் நடக்கிறது. சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப் போகும் பாதையில் ஆரம்பித்த தகராறு, ஒரே ராத்திரியில் பட்டியல் சாதியினர் குடியிருக்கும் கீழத்தெருவின் பதினோரு கூரைவீடுகளை எரித்தது. இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருப் பிள்ளைகள் சிலர் எங்களிடம் வந்து, "நாங்க ஒரு நாடகம் போடணும், கூட இருப்பீங்களா?" என்று கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேர் கூட இருந்தோம். ஆவணியில் பேச்சை ஆரம்பித்தோம், அடுத்த வைகாசியில்தான் நாடகம் நடந்தது. அந்த ஒன்பது மாதத்தில் பாதி, எங்களுக்கு விவரம் தெரியாததால் போனது. எந்த அலுவலகத்தில் என்ன தாள் கேட்பார்கள், யாரை மேடையில் ஏற்றக் கூடாது, எந்த மாதம் களம் காலியாக இருக்கும் என்று சொல்ல ஆளில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வழக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நாடகத்துக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எல்லாச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது. கதை எழுத உட்காரும் முன் இவை உங்கள் கையில் இருக்க வேண்டும்:

- எஃப்.ஐ.ஆர். நகல். எதிர்த்தரப்பும் புகார் கொடுத்திருந்தால் அதன் நகலும். பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள்.
- குற்றப்பத்திரிகையும் அதிலுள்ள சாட்சிப் பட்டியலும்.
- ஜாமீன் உத்தரவின் நிபந்தனைகள்.
- அடுத்த வாய்தா தேதி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கு என்றால், பாதிக்கப்பட்டவர் எஃப்.ஐ.ஆர். நகலைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. சாட்சிகளின் பாதுகாப்பு, நீதிமன்றம் வந்துபோகும் செலவு ஆகியவையும் அதே பிரிவில் வருகின்றன. வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் இல்லாதவர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அழைப்பு எண் 15100.

இனி, இந்தக் கட்டத்தில் காத்திருக்கும் மூன்று குழிகள்.

முதலாவது ராஜி. நாடகம் என்று வாயைத் திறந்ததுமே ஊரில் யாராவது, "நல்ல விஷயம், அப்படியே கேஸையும் பேசி முடிச்சிடுங்க" என்பார்கள். எங்களிடம் மூன்று பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் பொறுப்பான பதவியில் இருப்பவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் காவல் நிலையத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ பேசி முடிக்கக்கூடியவை அல்ல. "வழக்கைப் பற்றி இந்த நாடகக் குழு யாரிடமும் பேசாது, வாபஸ் வாங்கச் சொல்லாது" என்று ஒரு தாளில் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் ஒரு பிரதி கொடுங்கள். அந்தத் தாளைக் கொடுத்த பிறகுதான் கீழத்தெருவில் எங்களை உட்காரச் சொல்லிப் பாய் போட்டார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்துபோன கீழ்வெண்மணி வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், நீதியை விட்டுவிட்டுச் சமாதானத்தை மட்டும் பேசினால் யார் கேட்பார்கள்?

இரண்டாவது சாட்சிகள். சாட்சிப் பட்டியலில் பெயர் உள்ள யாரையும் நடிக்க வைக்காதீர்கள், அவர்கள் கண்டதை வசனமாக எழுதாதீர்கள். எங்கள் நாடகத்தில் முதலில் நடிக்க வந்த பையன் பட்டியலில் ஒன்பதாவது சாட்சி. ஒத்திகையை ஒருவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். சிறப்பு அரசு வழக்கறிஞர் கூப்பிட்டு விளக்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. 'நாடகத்தில் ஒன்று சொன்னான், கூண்டில் வேறொன்று சொல்கிறான்' என்று குறுக்கு விசாரணையில் அந்த வீடியோவையே நீட்டலாம். அன்றைக்கே அந்தப் பையனை மைக் செட் வேலைக்கு மாற்றினோம். நல்ல நடிகன். அவனுக்கு வருத்தம், எங்களுக்கும்தான்.

மூன்றாவது ஜாமீன் நிபந்தனை. ஊருக்குள் வரக்கூடாது, சாட்சிகளைச் சந்திக்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கும் ஆளை, இரண்டு பக்கமும் வரட்டும் என்று நீங்கள் அன்போடு கூப்பிட்டால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்.

அப்புறம் நிவாரணம். அரசு நிவாரணம் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை என்று தவணைகளாக வரும். எந்தத் தவணை வந்தது, எது நிற்கிறது என்று வீடு வீடாகக் கேளுங்கள். எரிந்த வீட்டுக்கு இன்னும் தார்ப்பாய்தான் கூரை என்றால், அங்கே நாடகத்தைத் தள்ளிவையுங்கள். ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள், மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் நகல் அனுப்புங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. இந்த வேலைக்கு எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. இதை நாடக வேலையில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பெரு நாட்டில் உண்மை ஆணையம் 2002-இல் பொது விசாரணை நடத்தியபோது, யுயாச்கானி என்ற நாடகக் குழு மலையூர்ச் சந்தைகளில் முன்கூட்டியே போய் நடித்தது. பயந்து ஒதுங்கியிருந்த மக்கள் சாட்சி சொல்ல வர அது துணையாக இருந்தது. நாடகம் விசாரணைக்கு வழிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றது.

2. யார் கேட்டார்கள்?

பாதிக்கப்பட்டவர்கள் கேட்டால் மட்டும் செய்யுங்கள். 'ஊரில் ஒற்றுமை வரட்டும்' என்று வெளியில் இருந்து யாரோ விரும்புவது போதாது. கேட்டவர்கள் இளைஞர்கள் என்றால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், தனியாகப் பேசுங்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதை நாடகத்தில் வரவில்லை. அவ்வளவுதான், வற்புறுத்தக் கூடாது.

3. நாள் குறிப்பது

டெல்டாவில் நாள் பார்ப்பது என்றால் வயலைப் பார்ப்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை முடிந்த மாசி வசதி என்று நாங்கள் நாள் குறித்தோம். போய்ப் பார்த்தால் களம் முழுக்க நெல். கொள்முதல் நிலையத்தில் முறை வராமல் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, ராத்திரி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். மூட்டை போகும் வரை யாருக்கும் நாடகத்தில் மனசு நிற்காது. அது முடிந்தால் பங்குனியில் பொதுத்தேர்வு, மைக் செட்டுக்கு அனுமதி கேட்கவே கூடாது. ஆடியில் குறுவை வேலை.

மிச்சம் இருப்பது சித்திரை பத்துக்கு மேல் வைகாசி பாதிக்குள் ஒரு சின்ன இடைவெளி. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால் அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது, பம்ப்செட் உள்ளவர்கள் அதற்கு முன்பே நாற்று விட்டுவிடுவார்கள். இந்த இடைவெளியில்தான் மாரியம்மன் கோயில் காப்புக் கட்டும் வரும். திருவிழாவில் யார் தேர் இழுப்பது, சாமி எந்தத் தெரு வரை வரும் என்பதே பல ஊர்களில் சண்டைக்குக் காரணம். காப்புக் கட்டியதிலிருந்து தேர் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் ஊரில் கால் வைக்காதீர்கள். தேர்தல் அறிவித்துவிட்டாலும் தள்ளிப்போடுங்கள்.

சம்பவம் நடந்த தேதியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். அது துக்க நாள். அந்த நாளை அந்தக் குடும்பங்களிடமே விட்டுவிடுங்கள்.

4. எந்தக் கலை?

நாடகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் வேறு வழிகளும் உண்டு. சிலி நாட்டில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள் பழைய துணித் துண்டுகளைச் சாக்குத்துணியில் வைத்துத் தைத்து, நடந்ததைப் படமாக்கினார்கள். கொலம்பியாவில் போராளிகள் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கித் தரை ஓடுகளாக வார்த்து, 2018-இல் பொகோட்டாவில் ஒரு நினைவுக்கூடம் எழுந்தது. அதை வடிவமைத்தவர் சிற்பி டோரிஸ் சால்செடோ. ஓடுகளின் அச்சுக்கான தகடுகளைச் சுத்தியலால் அடித்து வடிவாக்கியவர்கள், போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். எங்கள் ஊரில் மேடைக்கு வர விரும்பாத பெண்கள் பழைய புடவைத் துண்டுகளில் தங்கள் தெருவைத் தைத்தார்கள். ஒரு அக்கா, எரிந்துபோன தன் தையல் மிஷினை நீலத் துணியில் வெட்டி ஒட்டி, அதன் சக்கரத்தை மட்டும் கறுப்பு நூலில் மூன்று நாள் போட்டார். அந்தத் துணிகளை நாடகத்துக்குப் பின்புறத் திரையாகக் கட்டினோம். இதற்கு அனுமதி வேண்டாம், செலவும் ரூ. 2,000-க்குள். இன்னும் பதற்றம் தணியாத ஊர்களில் இதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன்.

*தப்பு.* மற்ற இடங்களில் பறை என்பதை நம் பக்கம் தப்பு என்கிறோம். எந்தத் தெரு நாடகமும் அதை வைத்துத்தான் ஆளைக் கூட்டும். இங்கே மிகவும் கவனம் வேண்டும். சாவுக்கும் கோயிலுக்கும் தப்படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அதைத் தொட மாட்டேன் என்று வைராக்கியமாக இருப்பார்கள். அவர்களிடம் 'உங்கள் கலைதானே' என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஒரு பையன் எழுந்து போய்விட்டான், ஒரு வாரம் வரவில்லை. பிறகு தஞ்சாவூரிலிருந்து இரண்டு கலைஞர்களை அழைத்து வந்தோம். வேட்டி சட்டையில், ஷூ போட்டு, தங்கள் பெயரையும் ஊதியத்தையும் தாங்களே சொல்லி ஆடுகிறவர்கள். வைக்கோல் தீயில் தப்பைக் காட்டி, அடிக்கடி விரலால் தட்டிப் பார்த்து, மந்தமாக இருந்த தோல் 'ணங்' என்று பேச ஆரம்பித்ததும், அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார் அவர்களில் மூத்தவர். யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து போன பையன்தான் முதலில் குனிந்து எடுத்தான்.

கலைஞர்களைத் தேட தஞ்சாவூரில் மூன்று இடங்கள் உண்டு: கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம், தென்னகப் பண்பாட்டு மையம், தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்களாகப் பாருங்கள். காவல் நிலையத்தில் கலைஞர் விவரம் கேட்டால் அந்த அட்டை நகல் உதவும்.

*ஒப்பாரி.* இறந்தவரின் நியாயத்தை நம் பெண்கள் காலங்காலமாகப் பேசிவரும் இடம் அது. ஆனால் மகனைப் பறிகொடுத்த தாயை மேடையில் ஒப்பாரி வைக்கச் சொல்லக் கூடாது. கேட்பவர்கள் அழுவார்கள், கை தட்டுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தாய் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். தைரியமாகப் பாடும் ஒரு ஆயா இருந்தால், எரிந்த வீட்டுக்கு, வெட்டிய வேப்பமரத்துக்கு என்று பாடச் சொல்லுங்கள். எங்கள் ஆயா தன் ஆட்டுக்குப் பாடினார். அதுவே எங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது.

*ஃபோரம் தியேட்டர்.* பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை. ஒரு அநியாயத்தைச் சின்ன நாடகமாக நடித்துக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நடிப்பார்கள். பார்ப்பவர் யாரும் கையைத் தூக்கி 'நிறுத்து' என்று சொல்லி உள்ளே வந்து, ஒடுக்கப்பட்டவர் பாத்திரத்தை ஏற்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். நல்ல முறை. ஆனால் கலவரத்துக்குப் பிந்தைய ஊரில் இதை அப்படியே செய்தால், 'அடிபட்டவன் வேறு மாதிரி நடந்திருந்தால் அடி விழுந்திருக்காது' என்ற இடத்துக்குப் போய் நிற்கும். எங்கள் முதல் ஒத்திகையிலேயே அது நடந்தது. 'வேற பாதையில தூக்கிட்டுப் போயிருக்கலாமே' என்றார் ஒருவர். எனவே விதியை மாற்றினோம். பிணம் தூக்கியவர்கள் பாத்திரத்தை யாரும் மாற்றக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள், போன் எடுக்காத அதிகாரி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த வீட்டுக்காரர், இவர்களைத்தான் மாற்றலாம். நீங்கள் இந்த முறையை எடுத்தால் இந்த ஒரு விதியை விட்டுவிடாதீர்கள்.

5. கதை சேகரிப்பது

போனில் பதிவு செய்யாதீர்கள், நோட்டில் பெயர் எழுதாதீர்கள். கேட்ட கதைகளைக் கலந்து, வேறொரு ஊரின் கதையாக மாற்றுங்கள். யாருடைய கதையிலிருந்து எடுத்தீர்களோ அவர்களிடம் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துடு தம்பி" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

சட்டப்படியும் ஒரு எல்லை உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். முந்நூறு வீடுள்ள ஊரில் 'கடைசி வீட்டுக்காரர் பொண்ணு' என்றாலே எல்லோருக்கும் தெரியும்.

6. இடம், அனுமதி

எங்களை அதிகம் அலையவிட்டது இதுதான்.

மூன்று நிகழ்ச்சிகளாகப் பிரியுங்கள்: முதலில் கீழத்தெரு, பிறகு எதிர்த்தரப்பின் மேலத்தெரு, கடைசியாகப் பொது இடம். எடுத்ததுமே பொது இடத்தில் வைத்தால் ஒரு தரப்பு வராது, அல்லது இரண்டு தரப்பும் வந்து தனித்தனியே நின்று முறைத்துக்கொண்டிருக்கும். பொது இடத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். கோயில் வாசல் பொது இடம் என்று மேலத்தெரு சொல்லும். கீழத்தெருக்காரர்கள் செருப்போடு நிற்க முடிகிற இடமா என்று பாருங்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளியிருந்த நெல் களத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

இடத்துக்கான தாள், இடத்தைப் பொறுத்து மாறும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் பட்டா நகலும். புறம்போக்கு, ஊராட்சிக் களம் என்றால் ஊராட்சியின் கடிதம், கூடவே வி.ஏ.ஓ.விடம் தகவல். அறநிலையத் துறை நிலம் என்றால் செயல் அலுவலர் அனுமதி, அது லேசில் வராது. மே 1 கிராம சபையில் தீர்மானமாகவே போட்டுவிட்டால் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. ஆனால் இரண்டு தெருவிலும் பேசி முடிக்காமல் சபையில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

காவல் துறைக்கு மனு: நிகழ்ச்சிக்கு 21 நாள் முன்னால் ஆய்வாளருக்கு, நகல் டி.எஸ்.பி.க்கு. உள்ளே இருக்க வேண்டியவை:

- நாள், தொடங்கும் முடியும் நேரம், இடத்தின் கைவரைபடம்
- பொறுப்பாளர்கள் இருவரின் ஆதார் நகல், போன் எண்
- கலைஞர்கள் பட்டியல்
- இடத்துக்கான கடிதம்
- மைக் செட் உரிமையாளர் பெயர், எத்தனை பாக்ஸ்
- நாடகத்தின் ஒரு பக்கச் சுருக்கம்

மனுவில் தெருவின் பெயரைப் போடுங்கள், 'காலனி' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் எதற்கு அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

முழு வசனத்தையும் எழுதிக் கொடு, பார்த்துவிட்டுத்தான் அனுமதி என்பார்கள். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி வந்த பழக்கம் அது. அந்தச் சட்டப்பிரிவுகளை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வம்பு வளர்க்காமல், 'ஒரு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறோம் ஐயா' என்று பணிவாகச் சொல்லி நில்லுங்கள்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி கட்டாயம். இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு வேண்டாம், இரண்டு பாக்ஸ் போதும். மனுவில் முடியும் நேரத்தை 9.00 என்று போட்டு 9.00-க்கே முடியுங்கள்.

மனுக் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். நாங்கள் வாங்காமல் வந்தோம். பன்னிரண்டாவது நாள் போய்க் கேட்டால், 'எந்த மனு?' என்றார்கள். மறுபடி முதலிலிருந்து. முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாக 'வேண்டாம்பா, லா அண்டு ஆர்டர் பிரச்சினை' என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது எளிது. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. எங்கள் மனுவை மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம், ஒரு பகலும் பஸ் செலவும் போனது. கடைசியில் ரிட் தேவைப்படவில்லை. எழுத்தில் கேட்டதுமே நிபந்தனைகளோடு அனுமதி வந்தது.

தடை உத்தரவு ஏதும் அமலில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு 144 என்றது, 2024 ஜூலை 1-க்குப் பிறகு 163.

அமைதிப் பேச்சுவார்த்தையில் உங்கள் நாடகத்தையும் ஒரு அம்சமாகச் சேர்க்கிறோம் என்று அதிகாரிகள் நல்ல எண்ணத்தோடே சொல்லலாம். சேராதீர்கள். பேச்சுவார்த்தையில் கையெழுத்து வாங்குவார்கள், நாளைக்கு அது எந்த வழக்குக் கோப்பில் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆதிதிராவிடர் நலத் துறை ஜனவரி 24 முதல் 30 வரை நடத்தும் மனிதநேய வார விழாவில் இடம் கொடுத்தால், அதைத் தனி நிகழ்ச்சியாக, நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. செலவு

மூன்று மாலை நிகழ்ச்சிக்கு எங்களுக்கு ஆனது இது.

- பயிற்சியாளர், 6 நாள்: ரூ. 12,000
- தப்புக் கலைஞர்கள் இருவர், 3 நாள்: ரூ. 9,000
- மைக் செட், விளக்கு: ரூ. 10,500
- ஜெனரேட்டர், டீசலோடு: ரூ. 5,400
- டாட்டா ஏஸ்: ரூ. 4,500
- ஒத்திகை நாட்களில் டீ, டிபன்: ரூ. 8,400
- ஜெராக்ஸ், தபால், நீதிமன்றம் அலைந்தது: ரூ. 3,200
- துணி, நூல், சாயம்: ரூ. 2,000
- நடித்த ஏழு பேருக்கு மூன்று நாள் கூலி: ரூ. 10,500

மொத்தம் ரூ. 65,500. கடைசி வரியை யாரும் போட மாட்டார்கள், நாங்களும் முதலில் போடவில்லை. கொத்து வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் போகிற பிள்ளைகள் சாயங்காலம் நான்கு மணிக்கு வர வேண்டுமென்றால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டுங்கள்.

பணத்தை யாரிடம் வாங்குவது? இரண்டு தெருப் பெரிய மனிதர்களிடமும் வாங்காதீர்கள், கட்சிகளிடமும் வேண்டாம். நாங்கள் நாற்பது நண்பர்களிடம் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கினோம். கணக்கை எழுதி இரண்டு தெருவிலும் டீக்கடையில் ஒட்டினோம். மின்சாரத்துக்குக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். நிகழ்ச்சியை நிறுத்த நினைப்பவருக்கு அந்த ஒரு கொக்கி போதும்.

8. நிகழ்ச்சி நாள்

மைக் செட்டைப் பாதிக்கப்பட்ட தெருவின் பையனே இயக்கட்டும். தண்ணீர்ப் பானை ஒன்றே ஒன்று வையுங்கள், டம்ளரும் ஒரே வகை. ஜமுக்காளம் ஒன்று, நாற்காலி யாருக்கும் வேண்டாம். நாற்காலி போட்டால் யார் உட்காருவது என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து கூடிவிடும். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் கூடாது. வீடியோ எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். நடுவில் யாராவது உடைந்து அழுதால் கூட இருக்க, அந்த ஊர்க்காரரல்லாத இரண்டு பெண்களைத் தயாராக வைத்திருங்கள்.

மேலத்தெருவில் எங்களுக்கு முப்பது பேர்தான் வந்தார்கள். களத்தில் நடந்த மூன்றாவது நாளில் கூட்டம் அதிகம், ஆனால் 'நிறுத்து' சொல்ல யாரும் எழவில்லை. நடுவராக இருந்த நண்பர் மூன்று முறை கேட்டார். நாலாவது முறை பிணம் தெருமுனைக்கு வந்தபோது, மேலத்தெருப் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவராக நடித்த பையனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, குறுக்கே நின்ற பையன்களிடம் "வழிய விடுங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாடையைத் தூக்கியிருந்த பிள்ளைகளுக்கு வசனம் மறந்துவிட்டது, நடந்து மறுபக்கம் போய்விட்டார்கள்.

இதைச் சொல்வதால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பெரியவரோடு அவர் தெருவில் ஒரு மாதம் சிலர் பேசவில்லை. யாராவது எழுந்து வந்தால், மறுநாள் அவர் வீட்டுக்கும் போய் அவருக்குத் தொல்லை ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

9. மறுநாளிலிருந்து

பத்திரிகைக்குச் செய்தி கொடுக்காதீர்கள். 'நாடகத்தால் ஒன்றான கிராமம்' என்று ஒரு தலைப்பு வந்தால், அதன் நகல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் இருக்கும்.

தைத்த துணிகள் தைத்தவர்களுக்கே சொந்தம், கண்காட்சிக்குக் கேட்டால் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம், ரசீதுகள், மனு நகல்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கீழத்தெருவிலேயே ஒருவரிடம் கொடுங்கள், அடுத்த முறை அவர்களே மனு எழுதிக்கொள்வார்கள். சுடுகாட்டுப் பாதையின் சர்வே எண், புல வரைபடம் இரண்டையும் அந்தக் கோப்பில் சேருங்கள். பாதையை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றக் கோரும் மனு எங்கள் ஊரில் இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிறது. மாதம் ஒரு முறை போய்க் கேட்கிறோம்.

வாய்தா தேதிகளைக் குழுவில் எல்லோரும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முறை போட்டுக்கொண்டு வாய்தாவுக்கு இருவராவது போங்கள். சாட்சி சொல்ல வருகிறவர்கள் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் காலையிலிருந்து காத்திருப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கையில் காசிருக்காது. அடுத்த வாய்தா வரும் வியாழக்கிழமை, என் முறை.